கத்வால் பருத்திக் காடுகளில் ஒரு செப்டம்பர்

செப்டம்பர் 18, 2024, புதன் – கர்னூல்

விடியுமுன் வந்து சேர வேண்டிய ரயில் மூன்று மணி நேரம் தாமதம். இரவு முழுக்கத் தூக்கமில்லை. கர்னூல் ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது உக்கானி வண்டிதான். பொரியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் மஞ்சளும் போட்டுத் தாளித்து, மேலே பொட்டுக்கடலைப் பொடி தூவித் தருகிறார்கள். தொட்டுக்கொள்ள மிளகாய் பஜ்ஜி. ஒரு தட்டு 40 ரூபாய். என் தெலுங்கைக் கேட்டதும் வண்டிக்காரர் "அரவமா?" என்றார், தமிழா என்று அர்த்தம். ஆமாம் என்றேன். பஜ்ஜி இன்னொன்று வைத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

வீட்டில் தெலங்கானாவின் கத்வாலுக்குப் போகிறேன் என்றதும் எல்லோரும் சேலை வாங்கவா என்றார்கள். நான் வந்தது பருத்தி விதைக்காக. எங்கள் ஆத்தூர், சின்னசேலம் பக்கமும் வீரிய ஒட்டுப் பருத்தி விதை எடுக்கிறார்கள். பூவோடு பூவைச் சேர்க்கும் அந்த வேலைக்கு எங்கள் ஊரில் கிராசிங் என்றுதான் பெயர். அதை வேலியோரம் நின்று பார்த்தே வளர்ந்தேன். அதே வேலை ஊர் ஊராக நடக்கும் இடம் கத்வால். அங்கே அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் என் தோழி போன மாதம் போனில் சொன்னாள்: "ஆகஸ்ட் வந்தால் என் வகுப்பில் பெண்பிள்ளைகள் பெஞ்சு காலியாகிவிடும். வந்து பார்."

அவள் அம்மா வீடு கர்னூல். இன்று தங்கல் அங்கேதான். மதியம் புளிச்சக்கீரைப் பருப்பு, சோறு, கட்டித் தயிர். மாலையில் கொண்டாரெட்டி புருஜு வரை நடந்து போனோம். 1953 முதல் 1956 வரை ஆந்திர மாநிலத்தின் தலைநகராக இருந்த ஊர் இது. இப்போது அந்தக் கோட்டைக் கொத்தளத்தைச் சுற்றி ஆட்டோக்களும் பழக்கடைகளும்தான்.

செப்டம்பர் 19, வியாழன் – கத்வால்

துங்கபத்திரைப் பாலம் தாண்டினால் தெலங்கானா. மாநிலம் மாறி ஏறிய பஸ்ஸில் உட்கார இடமில்லை, முக்கால்வாசிப் பேர் பெண்கள். போன டிசம்பரிலிருந்து இங்கே பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆதாரைக் காட்டினால் பூஜ்யம் என்று அச்சடித்த டிக்கெட் கிழித்துத் தருகிறார்கள். கண்டக்டர் என் ஆதாரை வாங்கி, தமிழ்நாட்டு முகவரியைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வராதும்மா" என்று தயக்கத்தோடு பணம் கேட்டார். பக்கத்தில் இருந்த பெரியம்மா, "பாவம், அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கு, விட்டுவிடப்பா" என்று எனக்காகப் பேசினார். டிக்கெட் எடுத்தேன். அந்தப் பெரியம்மா பேங்குக்குப் போகிறவர். முன்பெல்லாம் போக வர பஸ்ஸுக்கே அரை நாள் கூலி போய்விடும் என்பதால், பணம் வந்ததா என்று பார்க்கக்கூட வீட்டுக்காரரைத்தான் அனுப்புவாராம். இப்போது தானே போகிறார்.

கிருஷ்ணாவுக்கும் துங்கபத்திரைக்கும் நடுவில் கிடக்கும் நிலம் இது. நடிகட்டா என்கிறார்கள். இரண்டு பக்கமும் பெரிய ஆறு ஓடியும், பழைய பாலமூரு, அதாவது மகபூப்நகர் மாவட்டத்து மக்கள் கூலி வேலைக்கு நாடு முழுக்கப் போனவர்கள். இந்தியாவில் அணையும் கால்வாயும் கட்டிய இடங்களிலெல்லாம் பாலமூரு ஆட்கள் மண் சுமந்திருக்கிறார்கள். 2016இல் ஜோகுலாம்பா கத்வால் தனி மாவட்டமானது. எர்ரவல்லி தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் பருத்தி. நாலு வரிசை, ஐந்து வரிசை என்று ஒரு செடி, ஓரமாகத் தனியே வேறொரு செடி. முன்னது பெண், பின்னது ஆண்.

கத்வாலில் கோட்டைக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரே பேச்சு, இரண்டு லட்சம் ரூபாய்க் கடன் தள்ளுபடி. யாருக்கு வந்தது, யாருக்கு ஆதாரில் எழுத்து மாறி நின்றுபோனது என்று. ஒரு விவசாயி மட்டும் கலந்துகொள்ளாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன். "என் கடன் பேங்கில் இல்லையம்மா, ஆர்கனைசரிடம் இருக்கிறது. அதை எந்த சர்க்கார் தள்ளுபடி செய்யும்?" என்றார்.

ஆர்கனைசர் என்பவர் விதைக் கம்பெனிக்கும் விவசாயிக்கும் நடுவில் நிற்பவர். கம்பெனியிடம் இத்தனை ஏக்கர் என்று ஒப்பந்தம் வாங்கி ஊர் ஊராகப் பிரித்துக் கொடுப்பார். மூல விதை தருவார், உரத்துக்கும் மருந்துக்கும் கைச்செலவுக்கும் முன்பணம் தருவார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி, அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். விதை எடுத்துக் கொடுத்த பிறகு முளைப்புத் திறன் பார்ப்பார்கள், பிறகு அதை நட்டு வளர்த்துக் கலப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதெல்லாம் தேறிய பிறகுதான் பணம். அதுவரை பல மாதம் வட்டி ஓடும். தேறாவிட்டால் விதையும் இல்லை, பணமும் இல்லை, கடன் மட்டும் நிற்கும்.

லாட்ஜில் 700 ரூபாய். சாயங்காலம் பெய்த மழையில் கரண்ட் போய், ஒன்பது மணி வரை வரவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

செப்டம்பர் 20, வெள்ளி – மல்தகல் பக்கம் ஒரு கிராமம்

நேற்றைய மழையில் கரிசல் குழைந்து கிடந்தது. காட்டுக்குள் பத்தடி வைப்பதற்குள் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. காட்டுக்கார அக்கா ஒன்றும் சொல்லாமல் தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் போட்டுவிட்டு வெறுங்காலோடு வரப்பில் நடந்தார். எவ்வளவு சொல்லியும் திரும்ப வாங்கவில்லை.

காலை ஒன்பதரை. ஆண் செடியின் பூக்களைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். முந்தின நாள் சிவப்புத் தாள் சுற்றிவைத்த மொக்குகளை ஒவ்வொன்றாகத் தேடி, தாளை எடுத்துவிட்டு, ஆண் பூவைச் சூல்முடியில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஒரு ஆண் பூ நாலைந்து பெண் பூவுக்கு வரும். பதினொன்றரைக்குள் முடித்தாக வேண்டும், வெயில் ஏறினால் காய் பிடிக்காது.

மாலையில் நடப்பதுதான் கஷ்டமான பாதி. நாளைக்கு விரியப் போகும் மொக்கு இன்றைக்கே வெளுத்து நுனி நீட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரல் நகத்தை அதன் அடியில் கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றினால் இதழும் மகரந்தமும் சேர்ந்து கழன்று வந்துவிடும், நடுவில் சூல்முடி மட்டும் நிற்கும். நகம் ஆழமாகப் பட்டால் பிஞ்சு போச்சு. மேலாகப் பட்டால் மகரந்தம் மிஞ்சி அது தன்னாலேயே கருவுற்றுவிடும், விதையில் கலப்பு வந்துவிடும். அக்கா சொல்லித்தர நான் முயன்றேன். ஒன்று ஒழுங்காக வருவதற்குள் அவர் ஒரு செடியையே முடித்துவிட்டார். அவர் இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்து, ஓரம் பிளந்திருந்தன. இப்படி ஒரு நாளும் விடாமல், ஞாயிறும் பண்டிகையும் பார்க்காமல், இரண்டு மாதத்துக்கு மேல். ஒரு நாள் ஆள் வராவிட்டால் அன்று விரிந்த பூவையெல்லாம் பறித்து எறிய வேண்டும்.

உலகத்தின் முதல் வணிக வீரிய ஒட்டுப் பருத்தியான எச்-4 ரகத்தை 1970இல் சூரத் ஆராய்ச்சி நிலையத்தில் சி. டி. பட்டேல் உருவாக்கினார். விளைச்சலில் அது பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. பல நாடுகளில் விதைப்பது சாதாரண ரகங்கள்தான். நம் நாட்டில் பருத்தி என்றால் கிட்டத்தட்ட எல்லாமே ஒட்டு. அதனால் அத்தனை விதையும் யாரோ ஒருவர் கைபட்டு வந்தாக வேண்டும். அந்தக் கை யாருடையது என்பதில்தான் இந்த ஊர்க் குழந்தைகளின் படிப்பு நிற்கிறது.

வரிசையில் நின்ற ஆறு பேரில் இரண்டு பேர் சிறுமிகள். ஒருத்தியிடம் வயது கேட்டேன். "பதினைந்து" என்று உடனே சொன்னாள், சொல்லிக்கொடுத்த மாதிரி. தோழி என் காதில், "ஏழாவது படிக்கிறாள், என் பிள்ளை" என்றாள். திட்டவில்லை, பக்கத்தில் போய்த் தலையைத் தடவி, "மதியமாவது வா, முட்டை இருக்கிறது" என்றாள். அந்த அக்கா முகம் சுண்டிப்போனார். "டீச்சரம்மா, நான் என்ன செய்ய? ஏக்கருக்கு எட்டு, பத்துப் பேர் வேண்டும். பெரிய மனுஷிக்கு 350 ரூபாய், வெளியூரிலிருந்து ஆட்டோவில் கூட்டி வந்தால் 400. அத்தனை பேரை வைத்தால் கடைசியில் என் கைக்கு என்ன வரும்?"

இந்தக் கேள்விக்குக் கோபப்பட்டுப் பயனில்லை. கம்பெனி கொடுக்கும் கொள்முதல் விலையில் முழு ஆளுக்கு முழுக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது என்றால், அந்த விலைக்குள்ளேயே ஒரு சிறுமியின் வேலை சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். காய்ப்புழுவை எதிர்க்கும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்தியின் 475 கிராம் விதைப் பாக்கெட்டுக்கு இந்த வருடம் மத்திய அரசு வைத்த உச்ச விலை 864 ரூபாய். கடை விலைக்கு உச்சவரம்பு இருக்கிறது. விதை எடுத்துக் கொடுப்பவருக்கு இவ்வளவாவது தர வேண்டும் என்ற கீழ்வரம்பு பற்றி அந்தக் காட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை. "கடைசியில்தான் சொல்வார்கள்" என்றார் அக்கா.

முந்தின நாள் காலையில் மருந்து அடித்த காடு அது. ஒரு மணி நேரத்தில் எனக்குக் கண் எரிய ஆரம்பித்து, மதியம் தலைவலி வந்து, இரவு வரை விடவில்லை. செடி இடுப்பளவு. அந்தச் சிறுமிக்கு அது நெஞ்சளவு. இலை முகத்தில் உரசிக்கொண்டே நடக்கிறாள். தாவணியை மூக்கில் சுற்றியிருந்தாள், கையில் ஒன்றும் இல்லை. அபாயகரமான வேலை என்று சட்டப் புத்தகத்தில் எழுதுகிறார்களே, அதைக் கண்ணால் பார்த்த நாள் இது. 2020 கணக்கின்படி உலகத்தில் 16 கோடிக் குழந்தைத் தொழிலாளர்கள், பத்தில் ஏழு பேர் விவசாயத்தில் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு. தொழிற்சாலைச் சுவருக்குள் இல்லை, வெட்டவெளியில் இருக்கிறார்கள்.

மதியம் அதே அக்கா வீட்டில் சோள ரொட்டியும் வேர்க்கடலைச் சட்னியும். மூன்று ரொட்டிக்கு மேல் முடியாது என்றேன், நாலாவதை மடித்துப் பையில் போட்டார்.

செப்டம்பர் 21, சனி – பள்ளிக்கூடம், சங்கம்

வருகைப் பதிவேட்டைத் தோழி காட்டினாள். ஜூனில் நிறைந்திருக்கும் பக்கம் ஆகஸ்ட் நடுவில் சிவப்பு மையாக மாறுகிறது. பெயர் நீக்கப்படாததால் கணக்கில் எல்லோரும் படிக்கிறவர்கள்தான். டிசம்பரில் பிள்ளைகள் திரும்பி வருவார்கள், ஆனால் கணக்குப் பாடம் பின்னங்களைத் தாண்டிப் போயிருக்கும். இப்படி இரண்டு வருடம் போனால் பிறகு வரவே மாட்டார்கள். அடுத்தது கல்யாணம்.

எம்.வி. பவுண்டேஷனின் வேலையைப் பார்த்துத்தான் ஆசிரியையானேன் என்பாள் தோழி. அந்த அமைப்பின் சாந்தா சின்ஹாவும் அவர் கூட்டாளிகளும் 1991 முதல் ரங்காரெட்டி மாவட்டத்துக் கிராமங்களில் வேலையிலிருந்த பிள்ளைகளை இணைப்பு முகாம்களில் சேர்த்து, வயதுக்கேற்ற வகுப்புக்குக் கொண்டுபோனார்கள். வறுமை ஒழியட்டும், பிறகு பள்ளி என்று சொல்வதை அவர் ஒருபோதும் ஏற்றதில்லை. ஏழைப் பெற்றோரும் பிள்ளை படிக்கவே விரும்புகிறார்கள், பள்ளிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு குழந்தையும் தொழிலாளிதான் என்பது அவர் நிலை. 2003இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

அது சரிதான் என்று நானும் நம்புகிறேன். ஆனால் விதைப் பருத்திக் காட்டில் அதோடு இன்னொன்றும் வேண்டியிருக்கிறது. ஜீப்பில் வரும் அதிகாரி கூலிக்கு வந்த பிள்ளையைப் பிடிக்கலாம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்கிறது, கூடவே பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத்துக்கு உதவலாம் என்றும் சொல்கிறது. கூலிக்கு ஆள் வைத்த பெரிய காடுகள் போய், அரை ஏக்கர், ஒரு ஏக்கர் குடும்பக் காடுகளுக்கு விதை உற்பத்தி நகர்ந்தபோது பிள்ளைகளும் அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டார்கள். எங்கள் ஆத்தூர் பக்கமும் இதே கதைதான்.

மாலையில் மகளிர் சங்கக் கூட்டம். இங்கே இன்னும் டுவாக்ரா என்றே சொல்கிறார்கள். கோயில் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பேர். தோழி எனக்குக் காட்ட விரும்பியது அதில் ஒருவரை. நாற்பது வயதிருக்கும், பேச்சில் தயக்கமே இல்லை. முன்பு ஒன்றரை ஏக்கர் விதைப் பருத்தி போட்டவர், மூத்த பெண்ணை ஐந்தாவதோடு நிறுத்தியவர். சங்கக் கடனில் ஒரு எருமை வாங்கினார், பிறகு இன்னொன்று. விதைப் பருத்தியை அரை ஏக்கராகக் குறைத்து, மிச்சத்தில் வேர்க்கடலையும் தூர விட்டு வரிசையாகத் துவரையும் போட்டார்.

"ஏன் அரை ஏக்கர்?" என்று கேட்டேன்.

"நானும் அவரும் இரண்டு கை வேலை செய்யலாம். அக்கம்பக்கத்து மூன்று பேர் வருகிறார்கள். இன்று என் காட்டில் அவர்கள், நாளை அவர்கள் காட்டில் நான். இந்தக் கைகளுக்கு அரை ஏக்கர்தான் முடியும். ஒன்றரை போட்டபோது மிச்சக் கை யாருடையது? என் பிள்ளையுடையது."

பால் பணம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருகிறது. பெரிய தொகை இல்லை. ஆனால் ஜூனிலும் ஜூலையிலும் உரம் வாங்க, வீட்டுச் செலவுக்கு, ஆர்கனைசரிடம் கை நீட்ட வேண்டியதில்லை. கை நீட்டாததால் எத்தனை ஏக்கர் போடுவது என்பதை இவரே முடிவு செய்ய முடிகிறது. இரண்டாவது பெண் கஸ்தூர்பா காந்தி உறைவிடப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். மூத்தவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது.

இந்தத் திண்ணையில் கேட்டதுதான் நான் இத்தனை தூரம் வந்ததற்குப் பலன். குடும்பத்தின் வருமானத்தை உயர்த்த வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறோம். எவ்வளவு என்பதைப் போலவே எப்போது என்பதும் முக்கியம். மார்ச்சில் வரும் ஒரு லட்சம் செப்டம்பரில் ஒரு பிள்ளையைக் காப்பாற்றுவதில்லை. ஜூலையில் கையில் இருக்கும் ஐயாயிரம் காப்பாற்றலாம். நூறு நாள் வேலையில் தெலங்கானாவில் இந்த வருடக் கூலி 300 ரூபாய், ஆனால் வேலை கோடையோடு முடிந்துபோகிறது, பணமும் தாமதமாகத்தான் வருகிறது என்றார்கள். ஏக்கர் கணக்கில் அரசு தரும் முதலீட்டு உதவி பட்டா உள்ளவருக்கு. குத்தகைக்கு உழுகிறவர்களுக்கு அது இல்லை, விதைப் பருத்தியில் குத்தகைக்காரர்கள் நிறையப் பேர்.

எருமை எல்லோருக்கும் தீர்வில்லை என்பதையும் அங்கேயே சொன்னார்கள். தீவனம் வைத்திருப்பவருக்குத்தான் பால் மிஞ்சும். ஒருவருடைய எருமை சினை பிடிக்காமல் கடன்தான் மிச்சமானது. அவர் பெண் நேற்று நான் பார்த்த இரண்டாவது சிறுமி.

கடைசி பஸ் வரவில்லை. பால் வேன்காரர் ஏற்றிக்கொண்டார். கேன்களுக்கு நடுவில் குந்திக்கொண்டு கத்வால் வந்து சேர்ந்தோம். பணம் கொடுத்தபோது, டீச்சரம்மா கூட வந்தவரிடம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

செப்டம்பர் 22, ஞாயிறு – ஜூராலா

ஜூராலா அணைக்குப் பக்கத்து மீன் கடைகள் இந்த வட்டாரத்தில் பேர் போனவை. கிருஷ்ணாவில் பிடித்த மீனை உங்கள் கண் முன்னால் வெட்டி, மிளகாய்ப் பொடி தடவிப் பொரித்துத் தருகிறார்கள். தட்டு 150 ரூபாய். காரம் கண்ணில் தண்ணீர் வரவைத்தது, இன்னொரு தட்டும் வாங்கினோம்.

போகும் வழியில் காடுகளில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சீருடைப் பாவாடைகளே நிறையத் தெரிந்தன.

மீன் கடையில் தோழிக்குத் தெரிந்த ஒரு ஆர்கனைசர் வந்து உட்கார்ந்தார். மரியாதையாகப் பேசினார். நான் எதிர்பார்த்த ஆள் இல்லை. தனக்கு வருவது கமிஷன்தான், விதை தேறாவிட்டால் கொடுத்த முன்பணம் தன் தலையில் விழும் என்றார். காட்டில் குழந்தைகள் இருக்கக்கூடாது என்று பெரிய கம்பெனிகள் ஒப்பந்தத்தில் எழுதுகின்றன, ஆள் அனுப்பிப் பார்க்கின்றன, பிள்ளை இல்லாத காட்டுக்கு ஊக்கத்தொகையும் சில கொடுத்தன என்றார். "ஆனால் விலையைப் பேச ஆரம்பித்தால் மட்டும், பக்கத்து மாநிலத்தில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது என்கிறார்கள்."

மகரந்தமே உண்டாகாத ஆண் மலட்டுச் செடியைப் பெண் வரிசையாகப் போட்டால் மாலை வேலையே வேண்டியதில்லை, மகரந்தம் தடவினால் போதும், ஆள் பாதியாகக் குறையும் என்றும் அவர்தான் சொன்னார். சில ரகங்களில் அப்படித்தான் எடுக்கிறார்கள். வழி இருக்கும்போது அதை எல்லா ரகத்துக்கும் கொண்டுவரக் கம்பெனிகளை அரசு ஏன் நெருக்கவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் தலையாட்டிவிட்டு, எங்கள் தட்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கப் போனார். தோழி விடவில்லை.

செப்டம்பர் 23, திங்கள் – ஆலம்பூர், ரயில்

காலையில் ஆலம்பூர். ஜோகுலாம்பா சன்னதியில் கூட்டம் அதிகமில்லை. சாளுக்கியர் காலத்து நவபிரம்மக் கோயில்களைச் சுற்றி வர ஒரு மணி நேரம் ஆனது. கல் சூடேறும் முன் போய்விடுவது நல்லது. வாசலில் கொய்யா கூறு 20 ரூபாய்.

சேலை வாங்கவில்லை. கடையில் விலை கேட்டதோடு சரி.

ரயிலுக்குக் காத்திருந்தபோது தோழி அடுத்த கவலையைச் சொன்னாள். அக்டோபர் தொடக்கத்தில் தசரா விடுமுறை. கிராசிங் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் பள்ளியும் மூடியிருந்தால் பிள்ளைகள் எல்லோரும் காட்டில்தான். அந்த நாட்களில் பள்ளியிலேயே பகல் முகாம் நடத்தி மதியச் சோறு போட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறாள். அரிசிக்குச் சங்கத்துப் பெண்கள் பொறுப்பேற்றுக்கொண்டார்களாம், பருப்புக்கும் முட்டைக்கும் அறுபது பிள்ளைகள் கணக்கில் பணம் சேர்க்க வேண்டும். சேலைக்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்தேன். ஆத்தூரில் இன்னும் நாலு பேரிடம் கேட்கப் போகிறேன், அதோடு எங்கள் ஊர் விதைக்காரர்களுக்கு இந்த வருடம் பாக்கெட்டுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதையும்.